அப்பா மனப்பாடம் செய்த தீர்ப்பு

எங்க அப்பா ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. ஆனால் ஒரே ஒரு சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு மட்டும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "ரம்மி தெறமை ஆட்டம். சூதாட்டம் இல்ல. சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு" என்பார். அம்மா சம்பளக் கவரைக் கேட்கும் ஒவ்வொரு மாதமும் எங்கள் ராயபுரம் வீட்டில் அந்தத் தீர்ப்பு வாசிக்கப்படும்.

தீர்ப்பு உண்மைதான். செகந்திராபாதில் ஒரு மனமகிழ் மன்றத்தில் 1963-ல் போலீஸ் புகுந்து, காசு வைத்து ரம்மி ஆடியவர்களைப் பிடித்தது. மாஜிஸ்திரேட் தண்டித்தார், ஆந்திர உயர் நீதிமன்றம் விடுவித்தது, மாநில அரசு விடாமல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1967 நவம்பர் 22-ல் நீதிபதி ஹிதாயத்துல்லா தீர்ப்பு எழுதினார். மூணு சீட்டு முழுக்க அதிர்ஷ்டம். ரம்மி அப்படி அல்ல, விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைப் போடுவது என்பதில் திறமை வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது எனக்கு 12 வயது. ராயபுரத்தில் அப்பா போகும் மன்றத்துக்கு அந்தச் செய்தி எப்படியோ வந்து சேர்ந்தது. அன்று ராத்திரி வீட்டுக்கு அல்வா வந்தது.

ரம்மி தெரியாத வாசகர்கள் இந்த வயதில் இருப்பார்களா என்று தெரியவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ரெண்டு கட்டு சேர்த்து 104 சீட்டு, ஜோக்கர் தனி. ஆளுக்கு 13. ஒன்று எடுத்து ஒன்று போட வேண்டும். ஒரே வகையில் வரிசையாக மூன்றோ நாலோ சேர்ந்தால் ரம்மி. ஒரே எண் வெவ்வேறு வகையில் சேர்ந்தால் செட்டு. குறைந்தது ரெண்டு ரம்மி வேண்டும், அதில் ஒன்று ஜோக்கர் கலக்காததாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் கையில் மற்றது எவ்வளவு அழகாகச் சேர்ந்திருந்தாலும் செல்லாது. எதிராளி கவிழ்த்த நிமிஷம் மொத்தக் கையையும் எண்ணிவிடுவார்கள். ஆசு, ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் தலைக்குப் பத்து. எவ்வளவு போனாலும் 80-க்கு மேல் இல்லை. கை சரியில்லை என்று முதலிலேயே விலகினால் ஸ்கூட், 20. நடுவில் விலகினால் 40.

அப்பா அதிகம் ஸ்கூட் போடுவார். அதுதான் அவருடைய திறமை. கெட்ட கையை வைத்துக்கொண்டு வீம்புக்கு ஆட மாட்டார். கீழே கிடந்த கிளாவர் 7-ஐ எதிராளி எடுத்துவிட்டால், அதன் பிறகு கிளாவர் 6, 8 எதையும் அப்பா கையிலிருந்து யாரும் வாங்க முடியாது. மற்ற ஏழுகளும் வராது. யார் எதை எடுத்தார், எதைப் போட்டார் என்று ஆட்டம் முடிந்ததும் வரிசையாகச் சொல்வார். பள்ளிக்கூடத்தில் எனக்கு வாய்ப்பாடு வராமல் போனபோது அவருக்கு வந்த கோபம் இப்போதுதான் புரிகிறது.

இந்தக் கிளாவர் என்ற சொல்லை இங்கிலீஷ்காரன் சீட்டாட்டத்தில் சொல்வதில்லை, அவனுக்கு அது கிளப்ஸ். கிளாவர் டச்சுக்காரன் சொல். நம் ஆட்டினும் அவர்கள் மொழியின் ஹார்ட்டன் போலத்தான் ஒலிக்கிறது. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் 1613-லேயே கோட்டை கட்டி உட்கார்ந்தவர்கள் அவர்கள். மெட்ராஸ் பிறக்க அதற்குப் பின் 26 வருஷம் ஆனது. சொல் பழவேற்காடு வழியே வந்ததா, நாகப்பட்டினம் வழியே வந்ததா என்பதைப் படித்தவர்கள் பார்க்கட்டும். எனக்குப் பழவேற்காடு என்று வைத்துக்கொள்ளத்தான் ஆசை.

மன்றத்துக்கு வருகிறேன். ஜெயித்தவர் ஒவ்வொரு கைக்கும் நாலணாவை ஒரு தகர டப்பாவில் போட வேண்டும். சீட்டுக்கட்டு, டீ, விளக்குச் செலவு என்று அதற்குக் கணக்கு. ஒரு முறை அப்பாவைக் கூப்பிடப் போய், வாசலில் உட்கார்ந்து கைகளை எண்ணினேன். 40 வந்தது. பத்து ரூபாய். மாதத்துக்கு 300. அப்பா சம்பளத்தைவிட அதிகம். வந்து அம்மாவிடம் சொன்னேன்.

அடுத்த சம்பள நாளில் தீர்ப்பு வாசிக்கப்பட்டதும் அம்மா அரிசி புடைப்பதை நிறுத்தவே இல்லை. "தெறமை இருக்கட்டுங்க. ஒரு நாள் நீங்க ஜெயிக்கிறீங்க, ஒரு நாள் எதிர்வூட்டுக்காரரு ஜெயிக்கிறாரு. அந்த டப்பா என்னிக்காவது தோத்திருக்கா?"

அப்பாவிடம் பதில் இல்லை. அதற்காக மன்றத்துக்குப் போவதையும் நிறுத்தவில்லை. அம்மாவின் ரெண்டு வளையல் அடகுக் கடையிலிருந்து திரும்பாததும் அந்த வருஷம்தான்.

ரிட்டையர் ஆன பிறகு அந்தத் தீர்ப்பைத் தேடிப் படித்தேன். அப்பா சொல்லாத ஒரு பகுதியும் அதில் இருக்கிறது. ஆட்டத்தை வைத்து மன்றம் நடத்துபவர் லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. சில்லறைக் கட்டணம் தப்பில்லை, லாபம் தப்பு. அம்மா எழுதப் படிக்கத் தெரியாமலே அந்த இடத்தில் போய்க் கை வைத்திருக்கிறாள்.

நான் காசு வைத்து ஆடுவதில்லை என்று இருந்தேன். எண்ணூரில் வேலை பார்த்த காலமெல்லாம் கும்மிடிப்பூண்டி வண்டியில் எதிரெதிர் சீட்டில் நாலு பேர், முழங்கால்கள் மேல் ஒரு துண்டு, அதன் மேல் சீட்டு. கணக்குக்குத் தீக்குச்சி. வண்டி விம்கோ நகரில் நிற்கும்போது, இந்தக் குச்சி செய்கிற கம்பெனி பெயரில்தானே ஊரே இருக்கிறது என்று யாராவது தவறாமல் சொல்வார்.

2020 ஊரடங்கில்தான் வழுக்கினேன். போனில் ஒரு ரம்மி. சீட்டு தானே அடுக்கிக்கொள்கிறது. எதிரில் யார், மனுஷன்தானா என்றுகூடத் தெரியாது. அப்பா சீட்டைப் பார்த்த நேரத்தைவிட முகத்தைப் பார்த்த நேரம் அதிகம். இங்கே பார்க்க முகமே இல்லை. ஜெயித்தாலும் ஒவ்வொரு கைக்கும் கம்பெனி ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். மூன்று மாதத்தில் 14,000 ரூபாய், பென்ஷன் பணம். பாஸ்புக்கைப் பார்த்த என் மனைவி சத்தம் போடவில்லை. "அத்தை சொன்ன டப்பா போனுக்குள்ள வந்துடுச்சா?" என்றாள். அந்தக் கதை அவளுக்கு எப்போது போய்ச் சேர்ந்தது என்று நான் கேட்கவில்லை.

அந்த நவம்பரில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் போட்டுத் தடுத்தது. 2021 ஆகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2023-ல் மறுபடி சட்டம். அந்த நவம்பரில் கோர்ட், சட்டம் செல்லும், ஆனால் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது என்றது. காரணம் அப்பா சொன்னதுதான், திறமை ஆட்டம். டிவியில் கேட்டபோது அவர் குரலே காதில் விழுந்தது. 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டம் கொண்டுவந்துவிட்டது.

இப்போது சாயங்காலம் திருவொற்றியூரில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் நாலு பேர் உட்காருகிறோம். பழைய வண்டிக் கூட்டத்தில் மிச்சம் நானும் இன்னொருவரும்தான். தீக்குச்சிக் கணக்கு. கடைசியில் வருபவர் டீக்காசு கொடுக்க வேண்டும். போன வாரம் மூணு நாள் நான்தான் கொடுத்தேன். ஸ்கூட் போட வேண்டிய கையில் எல்லாம் ஆடிவிடுகிறேன்.