இருபத்தொன்பது வருஷத் திருவருகைக் காலம்

முதல்லயே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் ஒண்ணும் பெரிய பக்திமான் கிடையாது. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவேன், பின்னாடி தூண் ஓரமா உட்காருவேன், பிரசங்கம் ஆரம்பிச்சதும் கண்ணு சொக்கும். திருவருகைக் காலத்தோட முதல் ஞாயிறும் அப்படித்தான். சாமியார் ஊதா உடுப்புல நின்னு "விழிப்பாயிருங்கள்"னு சொல்றார், நான் தூங்கி வழியறேன் :-)

மறுநாள் கம்பெனி கேண்டீன்ல இதைச் சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்ல எங்க ஷிஃப்ட்டுல ஒரு அண்ணன் இருக்கார். மன்னார்க்காரர். 1990-ல சண்டை திரும்பவும் மூண்டப்போ பத்து வயசுல அப்பா அம்மாவோட கடல் தாண்டி வந்தவர். அன்னைலேர்ந்து இங்க கும்மிடிப்பூண்டி முகாம்தான் வீடு. டீயை ஆத்திக்கிட்டே சொன்னார்:

"நாலு கிழமை எல்லாம் ஒரு காத்திருப்போ தம்பி? எங்கட சனம் இருபத்தொம்பது வருசம் பூசை இல்லாமல் இருந்தது, தெரியுமோ?"

தெரியாது. வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் புத்தகமும் இணையமுமா தோண்டினதுதான் இந்தப் பதிவு.

மொதல்ல திருவருகைக் காலம்னா என்னன்னு தெரியாத நண்பர்களுக்காக ரெண்டு வரி. கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வர்ற நாலு ஞாயிறு. நவம்பர் 30-ஐ ஒட்டி வர்ற ஞாயித்துக்கிழமைல ஆரம்பிக்கும். 'அட்வென்ட்'ங்கிற பேருக்கு லத்தீன்ல 'வருகை'ன்னு பொருள். டிசம்பர் 16 வரைக்கும் வாசகங்கள் பெரும்பாலும் இயேசுவோட இரண்டாம் வருகையைப் பத்தி. 17-க்கு மேலதான் பெத்லகேம் கதைக்கு வருவாங்க. கோயில்ல வைக்கிற மெழுகுவர்த்தி வளையம் ஏதோ ஆதிகாலத்து வழக்கம்னு நினைச்சிருந்தேன். இல்லையாம். 1839-ல ஜெர்மனியோட ஹாம்பர்க் நகரத்துல, ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய விக்கெர்ன்ங்கிற லுத்தரன் போதகர் ஆரம்பிச்சது. "கிறிஸ்துமஸ் எப்ப வரும், எப்ப வரும்"னு பசங்க நச்சரிச்சதுல ஒரு வண்டிச் சக்கரத்தை எடுத்து, நாளுக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏத்தினார்.

அதாவது எத்தனை நாள்னு தெரிஞ்ச காத்திருப்பு அது. அண்ணன் சொன்னதோ, எத்தனை நாள்னே தெரியாத காத்திருப்பு.

அந்தக் கதை எங்க பக்கத்துலயே ஒரு இடத்துலேர்ந்து தொடங்குது. பொன்னேரி வழியா பைக்ல போனா பழவேற்காடு. டச்சுக்காரங்க 1610-ல அங்க வந்து, 1613-ல கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க. 1690-ல நாகப்பட்டினத்துக்கு மாத்துற வரைக்கும் சோழமண்டலக் கரையில அவங்களோட தலைமையிடம் இதுதான். இப்ப கோட்டை இருந்த இடத்துல புதர்தான். கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. வாசல்ல ரெண்டு பக்கமும் எலும்புக்கூடு சிற்பம். முதல் தடவை பார்க்கிறப்போ கொஞ்சம் பகீர்னுதான் இருக்கும். ஊர்லயே மகிமை மாதா கோயிலும் இருக்கு. அது டச்சுக்காரங்களுக்கும் முந்தி, போர்த்துக்கீசியர் காலத்துக் கோயில், 1515-ல கட்டினதுன்னு சொல்வாங்க.

பழவேற்காட்டுல உட்கார்ந்திருந்த இதே டச்சுக் கம்பெனிதான் 1658-ல மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியர்கிட்டேர்ந்து பிடிச்சது. அவங்க சீர்திருத்தச் சபைக்காரங்க. கத்தோலிக்கக் குருமார் எல்லாரையும் வெளியேத்தினாங்க. குருவை ஒளிச்சு வெச்சா மரண தண்டனைன்னு அந்த வருஷமே உத்தரவு போட்டாங்க. கோயில்கள் கைமாறிச்சு. கல்யாணம், ஞானஸ்நானம் எல்லாம் டச்சுக் கோயில்ல நடந்து, தோம்புன்னு சொல்ற பதிவேட்டுல பேர் ஏறணும். ஏறலைன்னா சொத்துரிமைக்கே வம்பு.

சனங்க என்ன செஞ்சாங்க? சிலர் உண்மையாவே மாறினாங்க. நிறைய பேர் தோம்புல பேரைக் குடுத்துட்டு, வீட்டுக்குள்ள பழைய செபத்தைச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. செபங்கள் தமிழ்ல அச்சாகி அதுக்குள்ள எண்பது வருஷம் ஆகியிருந்தது (தம்பிரான் வணக்கம், கொல்லம், 1578). மனப்பாடமா இருந்ததாலதான் குரு இல்லாமலும் தாக்குப் பிடிச்சதுன்னு எனக்குத் தோணுது. மன்னார்ப் பக்கம் மாந்தையில இருந்த சில குடும்பங்க 1670 வாக்குல மாதா சுரூபத்தைத் தூக்கிக்கிட்டு காட்டுக்குள்ள போனாங்க. அந்த இடம்தான் இன்னைக்கு மடு மாதா கோயில்.

இப்படியே ஒரு தலைமுறை ஓடிடுச்சு. 1658-ல பொறந்த குழந்தைக்கு 29 வயசு. அது பூசையையே பார்த்திருக்காது.

1687-ல தூத்துக்குடியிலேர்ந்து ஒரு தோணி யாழ்ப்பாணம் போய்ச் சேருது. அதுல பிச்சைக்காரர் வேஷத்துல ஒருத்தர். பேர் ஜோசப் வாஸ், கோவாக்காரர், குரு. கூட யோவான்னு ஒரு துணை ஆள். போய் இறங்கினதுமே வாஸுக்கு வயித்துக்கடுப்பு, சாகப் பிழைக்கக் கிடந்தார். தேறினதும் கழுத்துல செபமாலையைப் போட்டுக்கிட்டு வீடு வீடாப் பிச்சை எடுக்க ஆரம்பிச்சார். "நான் குரு"ன்னு சொன்னா தலை போகும். சொல்லலைன்னா யாரு கத்தோலிக்கர்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்குத்தான் அந்தச் செபமாலை. அதைப் பார்த்து எந்த வீட்டுல முகம் மாறுதுன்னு கவனிச்சார். அந்தப் பக்கமும் சும்மா இல்ல. இவன் உளவாளியா இருப்பானோன்னு அவங்களும் நோட்டம் விட்டாங்க. கடைசியில நம்பிக்கை வந்து அவரைச் சில்லாலைங்கிற கிராமத்துக்குக் கொண்டு போனாங்க. பூசை நடந்தது. ராத்திரியில, ரகசியமா.

எனக்கு இந்த இடத்துலதான் பொட்டுனு உறைச்சது. 29 வருஷமா யாருக்காகக் காத்திருந்தாங்களோ அவர் அழுக்குத் துணியில, கையேந்திக்கிட்டு வந்து நிக்கிறார். செபமாலைன்னா என்னன்னே அந்த வீட்டுல மறந்து போயிருந்தா? ஒரு பிடி அரிசி போட்டு அனுப்பியிருப்பாங்க. அவ்வளவுதான். வந்தவரும் தெரியாது, போனவரும் தெரியாது.

'விழிப்பாயிருங்கள்'ங்கிறது நாள் எண்ணுற வேலை இல்லை போல. வர்றது எந்த வேஷத்துல வந்தாலும் அடையாளம் தெரியற அளவுக்கு ஞாபகத்தைக் காப்பாத்தி வெக்கிறதுதான்.

கதை இங்க சுபமா முடியல. 1689 கிறிஸ்துமஸ் ராத்திரி பூசைக்குக் கூடியிருந்தவங்களை டச்சுப் படை வளைச்சுப் பிடிச்சது. அடி தாங்காம செத்தவரும் உண்டு. வாஸ் தப்பிச்சுப் புத்தளம் போனார். 1692-ல கண்டிக்குப் போனா, போர்த்துக்கீசிய உளவாளின்னு ராஜா பிடிச்சு உள்ள வெச்சார். அப்புறம் விடுதலையாகி, 1711 ஜனவரி 16-ல கண்டியிலேயே இறந்தார். 2015 ஜனவரி 14-ல போப் பிரான்சிஸ் கொழும்புல அவரைப் புனிதர்னு அறிவிச்சார். அன்னைக்குச் சாயங்காலமே மடுவுக்கும் போனார். அந்த மடு மாதாவும் 2008 ஏப்ரல்ல, சண்டை நெருங்கினப்போ, மறுபடி இடம்பெயர்ந்து ஆகஸ்ட்ல திரும்பி வந்தவங்கதான்.

இதையெல்லாம் படிச்சுட்டு அண்ணன்கிட்ட ஒரு மன்னிப்பு கேட்டேன். பல வருஷம் முன்னாடி, வேலையில சேர்ந்த புதுசுல, "அதான் 2009-லயே சண்டை முடிஞ்சுடுச்சே அண்ணே, திரும்பிப் போயிட வேண்டியதுதானே"ன்னு வாய் கூசாமக் கேட்டிருக்கேன். அவர் அன்னைக்குப் பதிலே சொல்லல. இப்பதான் சொன்னார்.

"ரெண்டு மாசத்தில போயிடலாம் எண்டுதான் வந்தனாங்கள் தம்பி. இப்ப அங்க வீடு இல்லை. பிள்ளையள் இஞ்சதான் பிறந்ததுகள், ஆனா இந்தியப் பிரசை இல்லை. எதுக்குக் காத்திருக்கிறன் எண்டே சில நேரம் விளங்கிறேல்லை."

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல இலங்கை கிடையாது. 2021-ல அகதிகள் முகாம்ங்கிற பேரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்'னு தமிழக அரசு மாத்தினது. பேர் மாறினது நல்லதுதான். ஆனா இன்னமும் முகாம்ல ஆள் கணக்கெடுக்கிற நாள்னா அண்ணன் ஷிஃப்ட் மாத்திக்கிட்டு ஓடணும். தோம்புன்னு படிச்சப்போ எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

போன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சின்ன வீடு. வாசல்ல மூங்கில் கீத்தும் வைக்கோலுமா பாலன் குடில் பாதி ஆகியிருந்தது. அவர் பொண்ணு எட்டாவது படிக்குது. கும்மிடிப்பூண்டியில பொறந்த பிள்ளை, இலங்கையைக் கண்ணால பார்த்ததில்லை. என்கிட்ட, "அங்கிள், நத்தாருக்கு வருவீங்களா?"ன்னுச்சு. சட்டுனு நாக்கைக் கடிச்சுக்கிட்டு, "கிறிஸ்துமஸுக்கு"ன்னு திருத்திச்சு.

நத்தார். 'நத்தால்'ங்கிற போர்த்துக்கீசியச் சொல். கொண்டு வந்தவங்க 1658-லயே போயிட்டாங்க. சொல் போகல.

"திருத்தாதம்மா, நத்தாருக்கே வரேன்"னேன்.

டிஸ்கி: அடுத்த ஞாயிறு பிரசங்கத்துல தூங்க மாட்டேன்னு உறுதி எல்லாம் குடுக்க முடியாது :-)