ஒரு கீபோர்டு, இரண்டு கணினி: ஒரு சின்னப் பெட்டியின் சரித்திரம்



நம் வீடுகளில் சாப்பாட்டு மேசை எப்போது ஆபீஸ் மேசை ஆயிற்று என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் 2020 என்று சொல்வார்கள். ஆபீஸ் கொடுத்த லேப்டாப் ஒன்று, வீட்டுக் கணக்குக்கு ஒரு பழைய கணினி, பிள்ளைக்குப் பள்ளியில் கொடுத்தது ஒன்று. மானிட்டர் மட்டும் ஒன்றுதான், வாடகை வீட்டில் இரண்டாவதற்கு ஏது இடம்? ஒன்று விண்டோஸ், ஒன்று மேக், ஒன்று லினக்ஸ். இத்தனைக்கும் ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ், ஒரே திரை போதுமா? போதும். அதற்கு ஒரு பெட்டி இருக்கிறது, பெயர் கேவிஎம் ஸ்விட்ச். கீபோர்டு, வீடியோ, மவுஸ் என்ற மூன்றின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். வயர் மாட்டும் விதத்தை விட எனக்கு அதன் சரித்திரம்தான் சுவாரசியம். அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் பிரச்சினை தலைகீழாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கணினி ஒன்று, ஆட்கள் பலர். 1961ல் அமெரிக்காவின் எம்ஐடியில் பெர்னாண்டோ கொர்பாட்டோவும் அவருடன் இருந்தவர்களும், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினார்கள். கணினி விலை அப்படி; ஆளுக்கொன்று கொடுக்க யாராலும் முடியாது. 1969ல் பெல் லேப்ஸில் பிறந்த யூனிக்ஸ் அதே பழக்கத்தில் வளர்ந்தது. ஒரு மூளை, பல கீபோர்டு.

இது எங்கோ அமெரிக்கக் கதை என்று நினைக்க வேண்டாம். நம்மூர் வங்கிக் கிளைகளில் அப்பாவோடு போய் வரிசையில் நின்றவர்கள், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். அதுதான் இது. மேனேஜர் அறைக்குப் பக்கத்தில், ஏசி போட்ட சின்ன அறையில் ஒரு யூனிக்ஸ் சர்வர் இருக்கும். கவுன்டர்களில் இருந்தவை கணினியே அல்ல. சொந்தமாக யோசிக்கத் தெரியாத ஊமை டெர்மினல்கள். கணினிக்கு ஏசி, கஸ்டமருக்கு மின்விசிறி!

அந்த நிலைக்கு வரவே வங்கிகள் பட்ட பாடு பெரிது. வேலை போய்விடும் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன், பேரேட்டைக் கையால் எழுதியே முப்பது வருஷம் ஓட்டியவர்களின் பயம் அது. 1983ல் இந்திய வங்கிகள் சங்கத்துக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் உடன்பாடு ஆனது. 1984ல் ரிசர்வ் வங்கியின் சி. ரங்கராஜன் தலைமையிலான கமிட்டி அறிக்கை கொடுத்தது. பிறகுதான் லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் கிளைகளுக்குள் வந்தன. 1989ல் அவர் தலைமையிலேயே இரண்டாவது அறிக்கை. அப்படியும் வேகம் போதவில்லை. 1998ல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல், 2001 தொடக்கத்துக்குள் வங்கி வணிகத்தில் 70 சதவீதம் கணினிக்குள் வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஊழலைப் பிடிக்கும் அதிகாரி கணினி போடச் சொன்னது அப்போது பலருக்கு வேடிக்கையாகத் தெரிந்தது. பேரேட்டைத் திருத்துவது எவ்வளவு சுலபம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியவில்லை.

பிறகு கோர் பேங்கிங் வந்தது. ஒவ்வொரு கிளையும் பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு மாறும்போது, சில நாள் இரண்டையும் சேர்த்து ஓட்டி, சாயங்காலம் இரண்டு பக்கமும் ஒத்துப் போகிறதா என்று பார்ப்போம். ஒரு கவுன்டரில் இரண்டு மானிட்டர், இரண்டு கீபோர்டு. பாஸ்புக் வைக்க இடம் இருக்காது. தலைகீழ்ப் பிரச்சினை வங்கிக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான்: ஆள் ஒன்று, கணினி இரண்டு.

உலகத்தில் அந்தப் பிரச்சினை அதற்கு முன்பே, சர்வர் அறைகளில் தொடங்கிவிட்டது. 1990களில் பெரிய மெயின்பிரேம்களுக்குப் பதிலாக அலமாரி அலமாரியாகச் சின்ன சர்வர்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டு மானிட்டர் வைத்தால் அறை தாங்காது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ராக்கெட்டுக்குப் பேர்போன ஹன்ட்ஸ்வில் நகரில் இருந்த சைபெக்ஸ் என்ற கம்பெனியும், வாஷிங்டன் மாநிலத்தில் இருந்த ஏபெக்ஸ் என்ற கம்பெனியும் இந்த ஸ்விட்ச் வியாபாரத்தில் போட்டி போட்டன. 2000ல் இரண்டும் இணைந்து அவோசென்ட் ஆயின. 2009ல் எமர்சன் அதை வாங்கியது. மலிவான வீட்டுப் பெட்டிகளில் நாம் அதிகம் பார்க்கும் பெயர் தைவானின் ஏட்டன்.

வெறும் வயரை மாற்றுவதற்கு இவ்வளவு பெரிய வியாபாரமா என்று தோன்றும். முதலில் வந்தவை வெறும் வயர் மாற்றிகள்தான், ரேடியோ மாதிரி ஒரு திருகு இருக்கும். அங்கேதான் சிக்கல். 1987ல் ஐபிஎம் கொண்டு வந்த பிஎஸ்/2 வகைக் கீபோர்டு, கணினி விழிக்கும்போதே மாட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் கணினி பாதியில் நின்று, கீபோர்டைக் காணோம், தொடர எஃப்1 விசையை அழுத்தவும் என்று சொல்லும். கீபோர்டே இல்லாதவன் எஃப்1ஐ எங்கே போய் அழுத்துவான்? :-) மவுஸ் இன்னும் மோசம். பிடுங்கி மாட்டினால் சில கணினிகள் அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளவே செய்யாது.

ஆகவே நல்ல பெட்டி பொய் சொல்லக் கற்றுக்கொண்டது. ஒவ்வொரு கணினியிடமும், உன் கீபோர்டு இங்கேயே இருக்கிறது, மவுஸும் இருக்கிறது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். உண்மையில் அவை வேறொரு கணினியோடு பேசிக்கொண்டிருக்கும். இதோடு மொழிபெயர்ப்பும் சேர்ந்தது. ஆப்பிளுக்கு ஒரு வகைச் சொருகி, சன் கணினிகளுக்கு இன்னொரு வகை, பிசிக்கு வேறு. ஒரே கீபோர்டால் மூன்றையும் ஓட்ட வேண்டுமானால் பெட்டி மூன்று பாஷையும் பேச வேண்டும். 1998ல் ஆப்பிள் ஐமேக்கில் பழைய சொருகியைத் தள்ளிவிட்டு யுஎஸ்பிக்கு மாறிய பிறகுதான் இந்தத் தொல்லை குறைந்தது.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன்.

இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் இடைப்பட்ட பக்கத்தில் இருக்கிறது சக்குபள்ளம். ஏலக்காய் மண். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்பில் ஆட்கள் வேலைக்கு ஏறும் ஊர்கள். எங்கள் பக்கம் ஏலக்காயை ஏலம் என்றே சொல்வோம், அதனால் ஏலத்தை ஏலம் போடுவது எங்களுக்குச் சாதாரண வாக்கியம். அந்த ஏலமே கணினிக்கு மாறியது 2007ல். ஸ்பைசஸ் போர்டு வண்டன்மேடு பக்கத்திலும் போடிநாயக்கனூரிலும் மின் ஏலத்தைத் தொடங்கியது. கூவிக் கேட்ட விலை திரையில் ஓடத் தொடங்கியது. 2021ல் புற்றடி, போடி இரண்டு மையங்களையும் இணையத்தால் இணைத்து, ஒரு பக்கம் உட்கார்ந்தபடியே மறுபக்கத்துச் சரக்குக்கும் விலை கேட்க வழி செய்தார்கள். ஒரு ஆள் இரண்டு இடத்தில் இருக்கும் வித்தை என்றால் அதுதான்.

வியாபாரிகள் இப்படி மாறும்போது பள்ளிக்கூடம் வேறு பக்கம் மாறியது. கேரள அரசு 2001ல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம், சில வருஷத்திலேயே விண்டோஸை விட்டு லினக்ஸுக்குப் போனது. 2017ல் அது கைட் என்ற அரசுக் கம்பெனியாக மாறியது. மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள், எங்கள் தமிழ் மீடியம் பிள்ளைகளும் சேர்த்து. லைசென்ஸுக்குக் காசு கொடுக்காமல் இவ்வளவு பெரிய வேலையைச் செய்து முடித்ததை, கணக்குப் படித்தவன் என்ற முறையில் எப்போதும் மெச்சுவேன்.

ஆனால் கடைக்காரர் வீட்டில் என்ன ஆகும்? அப்பாவின் டேலி விண்டோஸில். பிள்ளையின் ஐடி பரீட்சை லினக்ஸில். என் மச்சினனுக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்க் கடை. ஒரே கணினியில் இரண்டு சிஸ்டமும் போட்டுத் தருகிறேன் என்று ஒரு பையன் வந்தபோது, "மாமா, இவன் பாட்டுக்கு எதையாச்சும் அழிச்சுட்டா சீசன் கணக்கு பூராம் போயிருமே" என்று எனக்கு போன் போட்டான். அவன் பயம் நியாயம். ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்கும்போது ஒரு தப்பு விழுந்தால், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதற்குச் சாட்சியே இல்லாமல் போகும். பழைய சிபியூ ஒன்றை வாங்கி மேசைக்கடியில் வைத்து, இரண்டு வாசல் உள்ள ஸ்விட்ச் ஒன்றைப் போடச் சொன்னேன். அந்த வீட்டில் அவற்றுக்குப் பெயர் கணக்குப் பெட்டி, பள்ளிக்கூடப் பெட்டி. ஸ்க்ரோல் லாக்கை இரண்டு தடவை தட்டினால் திரை மாறும். மகள் அதை ஒரே நாளில் பழகிவிட்டாள். அப்பா பில் போடும்போது பாதியில் தட்டி, திரையில் பென்குயினைக் கொண்டு வருவது அவளுக்கு ஒரு விளையாட்டு.

அங்கே முளைத்த இன்னொரு கேள்வி தமிழர்களுக்கே உரியது. அதே கீபோர்டு, அதே விரல், ஆனால் ஒரு பெட்டியில் ஒரு எழுத்து, அடுத்த பெட்டியில் வேறு எழுத்து. காரணம், கீபோர்டுக்கு எழுத்தே தெரியாது. எத்தனையாவது விசை அழுத்தப்பட்டது என்ற எண்ணை மட்டும்தான் அது அனுப்பும். அந்த எண்ணை எழுத்தாக்குவது அந்தந்தக் கணினிக்குள் இருக்கும் விசையமைப்பு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டின் வழியாக வந்த தமிழ்99ல் ஹெச் விசை 'க' தரும், கே விசை 'ம' தரும். மத்திய அரசு எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாகக் கொண்டு வந்த இன்ஸ்கிரிப்டில் ஹெச் 'ப' தரும், கே 'க' தரும். எல் விசை மட்டும் இரண்டிலும் 'த'. ரோமன் ஒலிப்படி அடிப்பவர்களுக்கு ஹெச் என்றால் 'ஹ'தான். ஆகவே பெட்டி மாற்றுவதற்கு முன் இரண்டு கணினியிலும் ஒரே விசையமைப்பைப் போட்டுக்கொள்வது உத்தமம். லினக்ஸிலும் மேக்கிலும் தமிழ்99 கிடைக்கிறது.

பெட்டியே இல்லாமல் மென்பொருளால் இதைச் செய்யும் வழியும் உண்டு. 2001ல் கிறிஸ் ஷோன்மன் என்பவர் சினர்ஜி என்ற மென்பொருளை எழுதினார். ஒவ்வொரு கணினிக்கும் தனி மானிட்டர் வேண்டும், கீபோர்டும் மவுஸும் மட்டும் பொது. மவுஸை ஒரு திரையின் ஓரம் தாண்டி இழுத்தால், பக்கத்துக் கணினியின் திரையில் போய் முளைக்கும். ஒன்று விண்டோஸ், ஒன்று லினக்ஸ் என்றாலும் சரி. அதிலிருந்து கிளைத்ததுதான் பாரியர், அதிலிருந்து இன்புட் லீப். மைக்ரோசாப்ட் 2011ல் மவுஸ் விதவுட் பார்டர்ஸ் கொடுத்தது, விண்டோஸுக்குள் மட்டும். ஆப்பிள் 2022ல் யுனிவர்சல் கன்ட்ரோல் கொடுத்தது, ஆப்பிளுக்குள் மட்டும். இரண்டு பேரும் தங்கள் காம்பவுண்டுக்குள் மட்டும் கேட்டைத் திறந்து வைத்திருக்கிறார்கள். சாதி பார்க்காமல் ஓடுவது சினர்ஜி வம்சம்தான்.

இங்கேதான் வங்கிக்காரனாக ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சினர்ஜி மாதிரியானவை விசைத் தட்டல்களை நெட்வொர்க் வழியாக அனுப்புகின்றன. பழைய சினர்ஜியில் அது பூட்டுப் போடாமல் போனது. பாஸ்வேர்டும் அதில் ஒன்று. ஒரு பக்கம் காப்பி செய்ததை மறுபக்கம் ஒட்டவும் முடியும். வீட்டுக் கணினிக்கு அது வசதி. ஆபீஸ் லேப்டாப்பில் அதுவே கஸ்டமர் விவரம் வெளியே போகும் வாசல். ஆபீஸ் அனுமதி இல்லாமல் அதில் இதைப் போட்டால் வேலைக்கே உலை. விசா அந்த வேலையில் தொங்கும் குடும்பங்களுக்கு இதன் அர்த்தம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பெட்டி மட்டும் சாதுவா என்றால், யார் மாட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. 2013 ஏப்ரலில் லண்டன் சுவிஸ் காட்டேஜில் இருந்த பார்க்லேஸ் கிளைக்குள், கணினி ரிப்பேர்க்காரன் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் நுழைந்தான். ஒரு கேவிஎம் பெட்டியையும் 3ஜி ரூட்டரையும் அங்கிருந்த கணினியில் மாட்டிவிட்டுப் போனான். வெளியில் இருந்த கூட்டாளிகள் கிளைக்குள் உட்கார்ந்தவர்கள் மாதிரியே வேலை செய்து, சுமார் 13 லட்சம் பவுண்டை மாற்றினார்கள். ஜூலையில் லூயிஷம் கிளையில் 90,000 பவுண்டு. செப்டம்பரில் சர்ரே கீஸில் இருந்த சான்டாண்டர் கிளையில் அதே வித்தையைக் காட்டப் போனபோது போலீஸ் பிடித்தது. 2014ல் தண்டனை ஆயிற்று. கணினியைப் பொறுத்தவரை திருட்டே நடக்கவில்லை. கீபோர்டு தட்டப்பட்டது, அவ்வளவுதான். அந்தப் பெட்டி நல்லவர்களுக்காகக் கற்ற பொய்யைக் கள்ளர்களுக்கும் சொன்னது.

இதற்கு நேர் எதிரான கதை மும்பையில். 2018 பிப்ரவரியில் வெளிவந்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடியில், வெளிநாட்டு வங்கிகளுக்குச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பும் கோர் பேங்கிங்கும் இணைக்கப்படாமல் இருந்தன. ஒன்றில் அனுப்பியதை மற்றதில் பதிய மனிதன்தான் பாலம். பாலம் ஆடாமல் நின்றுகொண்டது, பேரேட்டுக்கு விஷயமே தெரியவில்லை. பிறகுதான் இரண்டையும் நேரடியாக இணைக்க ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் கெடு வைத்தது.

வீட்டுக்கு வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஆபீஸ் லேப்டாப் இருக்கிற மேசைக்கு, ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நெட்வொர்க் இல்லாத சாதா வயர்ப் பெட்டி வாங்குங்கள். அதில் பென் டிரைவ் மாட்டும் வாசல் இருந்தால் எதுவும் மாட்டாமல் விடுங்கள். மானிட்டர் 4கே என்றால், பெட்டியும் அந்த அளவை 60 ஹெர்ட்ஸில் தாங்குமா என்று அட்டையில் பார்த்து வாங்குங்கள். மலிவுப் பெட்டிகள் பல 30லேயே நின்றுவிடும், மவுஸ் இழுத்து இழுத்துப் போகும். ஸ்க்ரோல் லாக் விசை இல்லாத கீபோர்டு வைத்திருப்பவர்கள், மேலே கையால் அமுக்கும் பொத்தான் உள்ளதாகப் பார்த்து வாங்கவும்.