‘ஆ’ன்னா பசுவா, ‘அந்த’வா? ஓசூர் எல்லையில் குழப்பும் ஒற்றை எழுத்து வார்த்தைகள்

வாட்ஸ்அப்பில் ‘ஆர் யூ ஓகே’ என்று முழுசாக டைப் பண்ண யாருக்கும் பொறுமை இல்லை. ‘ஆர்’, ‘யூ’, ‘கே’ என மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டினால் வேலை முடிந்தது. எழுத்தின் பெயரே ஒரு வார்த்தை மாதிரி ஒலிப்பதால் வந்த விளையாட்டு இது. தமிழில் இந்தக் குறுக்கு வழியே தேவையில்லை. ‘வா’, ‘போ’, ‘தீ’, ‘பூ’ எல்லாம் ஒரே எழுத்து, முழு வார்த்தை. இலக்கணத்தில் இதற்குப் பெயர் ‘ஓரெழுத்து ஒருமொழி’.

மொத்தம் எத்தனை?

பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் 42 என்று கணக்கு சொல்கிறது. இதில் 40 நெடில். ‘நொ’, ‘து’ இரண்டு மட்டும் குறில். எல்லைப் பகுதிக்காரர்களுக்கு இதில் ஒரு சுவாரசியம் இருக்கு. நன்னூலை எழுதச் சொன்னவர் சீயகங்கன் என்ற கங்கர் குல சிற்றரசர். கல்வெட்டுகள் இவரை ‘குவளாலபுர’த்தின் தலைவர் என்கின்றன. அதாவது, கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில், கர்நாடகத்தில் இருக்கும் இன்றைய கோலார்!

15ஆம் நூற்றாண்டுக் கவிஞர் காளமேகம் இதை வைத்து சும்மா புகுந்து விளையாடியிருக்கிறார். ‘க’ வரிசை எழுத்துகளை மட்டுமே வைத்து ஒரு முழு வெண்பா. பகலில் காக்கை ஆந்தையை வெல்லும், இரவில் ஆந்தை காக்கையை வெல்லும், அதனால் ‘கோ’, அதாவது அரசன், நேரம் பார்த்துத்தான் மோத வேண்டும் என்பது அதன் பொருள். ‘கோ’ (2011), ‘ஐ’ (2015) என்று சினிமாவும் இந்த எழுத்துகளை விடவில்லை.

ஓசூரில் என்ன குழப்பம்?

தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே தெருவில் பேசப்படும் ஊர் இது. தமிழில் ‘ஆ’ என்றால் பசு. கன்னடத்திலும் தெலுங்கிலும் ‘அந்த’. தமிழில் ‘ஈ’ பூச்சி, ‘கொடு’ என்றும் அர்த்தம் உண்டு. அந்த இரண்டு மொழியிலும் ‘இந்த’. ‘தா’ என்று தமிழில் கேட்டால் கொடுக்கணும், கன்னடத்தில் சொன்னால் கொண்டு வரணும். தமிழ் ‘நீ’ தெலுங்கில் ‘உன்னுடைய’ ஆகிவிடும். ‘கை’ மட்டும் கன்னடத்திலும் கையேதான். நம்ம ‘பூ’ அங்கே ‘ஹூ’. தமிழின் ‘ப’ கன்னடத்தில் பல இடங்களில் ‘ஹ’ ஆகும். ஓசூர் பெயரிலும் அந்த ‘ஹ’ இருக்கு. கன்னடத்தில் ‘ஹொச ஊரு’, அதாவது புது ஊர்.

தேர்வுக்கு ஏன் முக்கியம்?

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் தமிழ்த் தகுதிப் பகுதி உண்டு. 150 மதிப்பெண்ணில் 60 எடுத்தால்தான் அடுத்த பகுதியையே திருத்துவார்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு தேர்வு எழுதுகிறவர்களுக்கும் இதே விதிதான். பாடத்திட்டத்தில் ஓரெழுத்து ஒருமொழிக்குப் பொருள் கண்டறிவதும் இருக்கு.

தெரிந்த வார்த்தைதானே என்று நினைப்பதில்தான் சிக்கல். பள்ளிப் பாடநூல் பட்டியலில் ‘கை’ என்றால் ஒழுக்கம், ‘பை’ என்றால் இளமை, ‘கூ’ பூமி, ‘மே’ அன்பு, ‘வை’ புல். வீட்டில் தமிழே பேசுகிறவர்களும் இங்கே தடுமாறுவார்கள். ‘மா’வுக்கு மாமரம், குதிரை, பெரிய என்று பல பொருள் உண்டு. அதனால் நான்கு விடைகளையும் படித்துவிட்டு டிக் அடிப்பது நல்லது. அந்தக் குறில் இரண்டையும் மறக்க வேண்டாம்: ‘நொ’ என்றால் நோய், ‘து’ என்றால் உண்.