பிணை வியாபாரமும் ஒரு சங்கத்தின் குழுக்களும்

குற்றம் நிரூபிக்கப்படும்வரை எவரும் நிரபராதியே என்பது சட்டத்தின் பாலபாடம். அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ இப்பாடத்துக்கு நெடுங்காலமாக ஒரு விலை இருந்து வந்துள்ளது. பிணைப் பணம் கட்ட வல்லவன் வீடு சென்றான். வல்லாதவன் விளக்கமறியலிற் கிடந்தான். இடையிலே பிணை வியாபாரி நின்றான். பிணைத் தொகையில் நூற்றுக்குப் பத்து வீதத்தைக் கூலியாகப் பெற்றுக்கொண்டு ஏழைக்காகப் பிணை நிற்பது அவன் தொழில். குற்றமற்றவன் எனத் தீர்ப்பானாலும் அக்கூலி திரும்பி வராது.

1961ஆம் ஆண்டு, லூயி ஷ்வைற்சர் என்னும் செல்வரும் ஹேர்பேட் ஸ்டேர்ஸ் என்பவரும் நியூயோர்க்கில் மன்ஹற்றன் பிணைத் திட்டத்தைத் தொடக்கினர். சட்ட மாணாக்கர் கைதானோரை நேரிற் கண்டு, குடும்பம், தொழில், குடியிருப்பு ஆகியவற்றை விசாரித்தறிந்து, பணமின்றி விடத்தக்கோரை நீதிபதிக்குப் பரிந்துரைத்தனர். 1964 ஏப்ரல் வரையில் ஏறத்தாழ 10,000 பேர் விசாரிக்கப்பட்டனர். 4,000 பேர் பரிந்துரைக்கப்பட்டனர். 2,195 பேர் விடப்பட்டனர். தவணைக்கு வராதோர் பதினைவரே! பணப் பிணையின் தத்துவத்தையே தகர்த்தெறிந்த கணக்கு இது. 1966இல் ஜனாதிபதி ஜோன்சன் பிணைச் சீர்திருத்தச் சட்டத்திற் கையொப்பமிட்டமைக்கு இம்முயற்சியும் வழிசமைத்தது.

செல்வரொருவரின் கொடையைப் புகழ்ந்து கதையை இவ்விடத்தில் முடித்துவிடுவோர் உளர். எமக்கு அது போதாது. 1964இல் நகரின் நன்னடத்தை அலுவலகத்திடம் கையளிக்கப்பட்ட அத்திட்டம் நாளடைவில் தளர்ந்தது. 1973இல் அப்பணிக்கு மீண்டும் தனி நிலையம் வேண்டியதாயிற்று. ஆர்வத்தால் எழுந்தது அமைப்பின்றி நிலைக்கவில்லை.

அதே 1973இல், நாடெங்கும் இத்தகைய பணியிலிருந்தோர் விசாரணைக்கு முந்திய சேவை நிலையங்களின் தேசிய சங்கத்தை நிறுவினர். சங்கத்தின் உயிர்நாடி அதன் குழுக்களே. நியமங்களை வரைவது, மாநாட்டையும் பயிற்சியையும் ஒழுங்குசெய்வது, அங்கத்தவரைச் சேர்ப்பது எனப் புகழற்ற வேலைகள் அவற்றுக்குரியன. பகலிற் கைதிகளின் விபரம் திரட்டிய அலுவலரே ஓய்வு வேளையில் வாசகங்களைத் திருத்தியிருக்க வேண்டும். 1978இல் வெளியான நியமங்கள் இவ்வுழைப்பின் விளைவு. 2004இலும் 2020இலும் அவை திருத்தப்பட்டன. இலாபத்துக்குப் பிணை நிற்கும் தொழில் ஒழியவேண்டும் என்பது சங்கத்தின் நிலைப்பாடு. எங்கோ ஒரு சிற்றூரில் தனித்து நிற்கும் அலுவலர், பிணை வியாபாரியின் செல்வாக்குக்கு எதிரே சுட்டிக்காட்ட ஓர் ஏடு கிடைத்தது. அற்பமான காரியமா இது?

எனினும் நியமம் சட்டமன்று. நீதிபதி அதனைப் புறக்கணிக்கலாம். சங்கத்தவர் பெரும்பாலும் அரசின் ஊழியர் என்பதையும் நாம் மறத்தலாகாது. 1984ஆம் ஆண்டுச் சட்டம், ஆபத்தானவர் எனக் கருதப்படுவோரை விசாரணைக்கு முன்னரே தடுத்துவைக்க இடமளித்தது. 1987இல் உயர்நீதிமன்றம் அதனை ஏற்றது. யார் ஆபத்தானவர் என்று நீதிபதி முடிவுசெய்யத் தகவல் திரட்டிக் கொடுக்கும் பொறுப்பும் இதே ஊழியர் தலையில் விழுந்தது. விடுதலைக்காகப் பிறந்த வினாத்தாள் தடுப்புக்கும் பயன்படலாயிற்று. அறையுள் அமர்ந்து வாசகம் திருத்தும் குழு மட்டும் இம்முரண்பாட்டைத் தீர்த்துவிட முடியாது.

கென்டக்கி மாநிலம் 1976இல் பிணை வியாபாரத்தைத் தடைசெய்தது. 2023 செப்ரெம்பரில் இலினோய் பணப் பிணையையே முற்றாக ஒழித்தது. பெரும்பாலான ஏனைய மாநிலங்களில் பிணை வியாபாரியின் கடை இன்றும் திறந்தே இருக்கிறது.