அரசுப் பள்ளிக் கட்டடச் செலவைக் கட்டுப்படுத்தல்: அலிபிரி அடிவாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் வாதமும்

பள்ளிக் கட்டடத்தில் சிக்கனம் என்றதும் சிமெண்டும் கம்பியும்தான் நினைவுக்கு வருகின்றன. செலவின் பெரும்பகுதியோ கடக்கால் தோண்டுமுன்பே முடிவாகிவிடுகிறது. எத்தனை அறை, எந்த நிலம், என்ன வடிவம், யார் கையில் பணம் என்னும் நான்கு கேள்விகளுக்கான விடைகளே அதைத் தீர்மானிக்கின்றன. இந்த நான்கிலும் கறாராக இருந்தால் பொருளின் தரத்தில் கைவைக்க வேண்டிய தேவை எழாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட திட்டம் அரசுப் பள்ளிகளைச் சீரமைக்க ஆந்திர அரசு கொண்டுவந்த ‘மன படி நாடு-நேடு’ (நம் பள்ளி: அன்றும் இன்றும்). 2019 நவம்பர் 14 அன்று தொடங்கிய இதன் முதல் கட்டத்தில் 15,715 பள்ளிகள் இடம்பெற்றன, செலவு ரூ.3,600 கோடிக்கு மேல். சராசரியாகப் பள்ளி ஒன்றுக்கு ஏறத்தாழ ரூ.23 லட்சம். நிலத்தைப் பற்றிய பகுதிக்குத் திருமலைப் படிவழி தொடங்கும் அலிபிரி அடிவாரம் எடுத்துக்காட்டாகிறது.

2. தேவையை அளத்தல்

தேவையில்லாத அறையைக் கட்டாமல் விடுவதே முதல் சேமிப்பு. கல்வி உரிமைச் சட்டம் (2009) ஆசிரியர் ஒருவருக்கு ஒரு வகுப்பறையாவது வேண்டும் என்கிறது. ஆகவே பிள்ளைகளின் எண்ணிக்கை, ஆசிரியர் பணியிடம், அறை என மூன்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கொள்கை மாறினால் இந்தக் கணக்கும் மாறிவிடும். 2022 ஜூனில் வந்த அரசாணை 117 தொடக்கப் பள்ளிகளின் 3 முதல் 5 வரையான வகுப்புகளை அருகிலிருந்த உயர்நிலைப் பள்ளிகளோடு இணைக்க வழிசெய்தது. அப்படி இணைத்த இடங்களில் தொடக்கப் பள்ளி அறைகள் காலியாகும். உயர்நிலைப் பள்ளியில் கூடுதல் அறை தேவைப்படும். பின்னர் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஒரு கட்டடம் ஐம்பது ஆண்டு நிற்க வேண்டும்; வகுப்புகளின் அமைப்போ சில ஆண்டுகளிலேயே மாறுகிறது. வகுப்பமைப்பை உறுதிசெய்யாமல் கட்டடத்துக்கு மதிப்பீடு போடுவது மக்கள் பணத்தை விரயமாக்கும் செயல். சீரமைத்தால் போதுமான அறைகளை முதலில் பிரித்தெடுத்து, மீதித் தேவைக்கே புதிதாகக் கட்ட வேண்டும். நாடு-நேடு முதல் கட்டம் பெரிதும் பழுதுபார்ப்பு, கழிப்பறை, குடிநீர், மின்சாரம், மேசை-பெஞ்சு ஆகியவற்றில் கவனம் செலுத்தியது. அந்த வரிசை சரியானது.

3. நிலமும் வரைபடமும்

3.1 சரிவு. அலிபிரி அமைந்துள்ள சேஷாசலம் மலையடிவாரத்தில் நிலம் எங்கும் ஒரே மட்டமாக இருப்பதில்லை. 6 மீட்டருக்கு 8 மீட்டர் அளவில் மூன்று வகுப்பறைகளும் 2.4 மீட்டர் வராந்தாவும் கொண்ட கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் 24 மீட்டர், அகலம் 8.4 மீட்டர். இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் அதன் நீளப் பக்கத்தை மேலிருந்து கீழாக வைத்தால், ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் பேஸ்மென்ட் உயரம் 1.2 மீட்டர் வேறுபடும். அதே கட்டடத்தைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பினால் வேறுபாடு 0.42 மீட்டராகச் சுருங்கும். நிரப்பு மண்ணும் கருங்கல் கட்டுவேலையும் அந்த அளவுக்குக் குறையும். ஆனால் குறுக்காக வைக்கும்போது மலைநீர் கட்டடத்தின் நீளப் பக்கம் முழுவதிலும் மோதும் என்பதால், பின்புறம் வெட்டுக்கால்வாய் கட்டாயம். 2021 நவம்பர் பெருமழையில் அலிபிரிப் பாதையிலும் திருப்பதித் தெருக்களிலும் வெள்ளம் பாய்ந்ததை இவ்வூர் கண்டது. வடிகாலை மதிப்பீட்டிலிருந்து நீக்குவோர் அந்த மழையை நினைவில் கொள்ள வேண்டும்.

3.2 பொதுச்சுவர். மேற்சொன்ன மூன்று அறைகளைத் தனித்தனியே கட்டினால் சுவரின் மொத்த நீளம் 84 மீட்டர். ஒரே வரிசையில் பக்கச்சுவரைப் பகிர்ந்துகொண்டால் 72 மீட்டர் போதும். 12 மீட்டர் சுவரும் அதன் கீழுள்ள அஸ்திவாரமும் பூச்சும் மிச்சம். ஆண்டுக்கொரு அறை எனத் தனித்தனியாக நிதி ஒதுக்கும் பழக்கம் இந்த மிச்சத்தை இல்லாமலாக்குகிறது.

3.3 மனையின் வடிவம். ஒரு ஏக்கர் மனை சதுரமாக இருந்தால் சுற்றுச்சுவர் ஏறத்தாழ 835 அடி. அதே ஏக்கர் 100 அடி அகல நீள்மனையாக இருந்தால் 1,071 அடி. இலவசமாகக் கிடைத்த நிலமானாலும் இந்தக் கூடுதல் 236 அடிச் சுவருக்குப் பணம் கொடுத்தாக வேண்டும்.

3.4 பொருள்நுட்பம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு (செங்கல்லை நிமிர்த்தி வைத்துச் சுவருக்குள் வெற்றிடம் விடும் முறை) செங்கல்லில் ஏறத்தாழ கால் பங்கை மிச்சப்படுத்தும். ஆனால் பழகிய கொத்தனார் வேண்டும். சித்தூர்ப் பகுதியில் கருங்கல் அருகிலேயே கிடைக்கிறது. அஸ்திவாரத்துக்கும் பேஸ்மென்டுக்கும் அதைப் பயன்படுத்துவதே இங்கு இயல்பான சிக்கனம்.

4. பணம் செல்லும் வழி

4.1 உள்ளூர்க் கை. அனைவருக்கும் கல்வித் திட்டம் பள்ளிக் கட்டடங்களை ஒப்பந்ததாரரிடம் விடாமல் ஊர்க் கல்விக் குழுக்கள் வழியே கட்டச் சொன்னது. நாடு-நேடு அந்த மரபைப் பெற்றோர் குழுக்களிடம் கொண்டுசென்றது. தன் பிள்ளை உட்காரும் அறைக்குத் தளம் போடும்போது, கலவையில் எத்தனை சட்டி மணல் விழுகிறது என்று தாய் பார்த்துக்கொண்டிருப்பாள். சம்பளம் இல்லாத கண்காணிப்பு இது. எனினும் கம்பி கட்டுவதைச் சரிபார்க்கப் பொறியாளர் நேரில் வந்தாக வேண்டும். அந்தப் பொறுப்பைப் பெற்றோர்மேல் சுமத்துவது அநியாயம்.

4.2 மொத்தக் கொள்முதல். நாடு-நேடு திட்டத்தில் மின்விசிறி, மேசை-பெஞ்சு, பச்சை நிற எழுதுபலகை போன்றவற்றை மாநில அளவில் ஏலமுறை ஒப்பந்தப்புள்ளி வழியே வாங்கினார்கள். பிரிவினை தெளிவானது. தொழிற்சாலைப் பொருள் மொத்தமாக வாங்கினால் மலிவு. மணல், கல், செங்கல் ஆகியவற்றில் கிடைக்கும் மிச்சத்தை வண்டிக்கூலி தின்றுவிடும் என்பதால் அவற்றை அருகில் வாங்குவதே மலிவு.

4.3 தடையற்ற நிதி. 2021இல் தொடங்கிய நாடு-நேடு இரண்டாம் கட்டத்தில் பல பணிகள் பாதியில் நின்றன. லிண்டல் மட்டத்தில் நின்றுபோன கட்டடத்தில் கம்பி துருப்பிடிக்கும். கட்டடம் பயன் தராது. மீண்டும் தொடங்கும்போது விலைவாசி ஏறியிருக்கும். கையில் உள்ள நிதிக்கு எத்தனை பள்ளிகளை முடிக்க முடியுமோ அத்தனையை மட்டுமே தொடங்க வேண்டும்.

5. குறைக்கக் கூடாதவை

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கீற்றுக்கூரையில் பரவிய தீ 94 குழந்தைகளின் உயிரைப் பறித்தது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தனர். இந்த இழப்புகளுக்கு விலை போட எந்த மதிப்பீட்டிலும் இடமில்லை. அஸ்திவாரம், கம்பி, கான்கிரீட்டுக்கு நீராற்றுதல், அவசர வாயில், பெண் குழந்தைகளுக்குத் தனிக் கழிப்பறை, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சாய்தளம் ஆகிய ஆறும் பேரத்துக்கு அப்பாற்பட்டவை.

6. கட்டிய பின்

மொட்டைமாடியில் தேங்கும் நீரை வழியவிடாமல் விட்டால் தளம் ஒழுகும். ஒழுகிய தளத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயரும். ஆண்டுதோறும் மழைக்குமுன் நீர்க்குழாய் வாயைச் சுத்தம் செய்ய ஓர் ஆளின் ஒருநாள் கூலி போதும். அதைத் தவிர்த்தால் தளத்தையே இடித்துக் கட்ட நேரிடும். ஆந்திரம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் ஏழைத் தாய்மாருக்குத் தந்த ‘அம்ம ஒடி’ உதவித்தொகையிலிருந்து பிள்ளை ஒன்றுக்கு ரூ.1,000 பிடித்துக் கழிப்பறைப் பராமரிப்பு நிதி அமைத்தது. பராமரிப்புக்குத் தனி நிதி என்ற எண்ணம் போற்றத்தக்கது. ஆனால் ஏழைத் தாயின் உதவித்தொகையிலிருந்து அதை எடுத்தது முறையன்று. அது அரசின் கல்வி நிதியிலிருந்தே வர வேண்டும்.

7. முடிவுகள்

(அ) வகுப்பமைப்பு உறுதியான பிறகே அறைகளின் எண்ணிக்கையை முடிவுசெய்க.
(ஆ) மாதிரி வரைபடத்தை நிலத்தின் சரிவுக்கு ஏற்பத் திருத்தும் அதிகாரம் மண்டலப் பொறியாளருக்கு வேண்டும்.
(இ) கனமான பொருளைப் பெற்றோர் குழு வாங்கட்டும். தொழிற்சாலைப் பொருளை மாநிலம் வாங்கட்டும்.
(ஈ) முழு நிதியும் உறுதியாகாத பணியைத் தொடங்கலாகாது.
(உ) கட்டட மதிப்பீட்டோடு பத்தாண்டுப் பராமரிப்புக் கணக்கையும் சேர்த்தே ஒப்புதல் தருக.

இவற்றில் எதற்கும் புதிய தொழில்நுட்பமோ வெளிநாட்டுக் கடனோ தேவையில்லை. கோப்பில் கையெழுத்திடுமுன் நிலத்தையும் பிள்ளைகளையும் நேரில் பார்த்து எண்ணும் ஒழுங்கு இருந்தால் போதும். அந்த ஒழுங்கால் மிஞ்சும் ஒவ்வொரு ரூபாயும் இன்னும் மரத்தடியில் படிக்கும் பிள்ளைகளுக்கு உரியது.