பகாங் கூலியில் ஒரு பின்னம்

பகாங்கின் கேமரன் மலையிலுள்ள பிரிஞ்சாங்கைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களின் வரலாற்றை, 1929இல் போ (BOH) தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய ஜே. ஏ. ரஸ்ஸலிலிருந்து சொல்வதுதான் வழக்கம். கூலிக் கணக்கிலிருந்து தொடங்கினால் வேறொன்று புலப்படும். கேமரன் மலையில் தேயிலை வேர்பிடித்த அந்தக் காலத்தில், தென்னிந்தியத் தொழிலாளரின் நாட்கூலியை இந்தியக் குடியேற்றக் குழுதான் நிர்ணயித்தது. எளிதில் சென்றுசேரக்கூடிய வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40. ஒதுக்குப்புறமான பகாங் வட்டாரங்களில் 58, 46. ரப்பர் விலை சரிந்த 1930இல் அந்த 50, 40 என்பவை 40, 32 ஆகச் சுருங்கின.

பெண்ணின் கூலி ஆண் கூலியில் ஐந்தில் நான்கு பங்கு. எண்சுவடி படித்தவர் வாயில், முக்காலே ஒருமா. இதற்குக் குறையக் கூடாது என்று எழுதினால், ஆண் கூலி அ, பெண் கூலி ப எனக் கொண்டு, ப ≥ 4அ/5. பின்னத்தை நீக்க இருபுறமும் ஐந்தால் பெருக்குவோம். ஐந்து மிகை எண் என்பதால் குறி திரும்பாது: 5ப ≥ 4அ. முதல் வட்டாரத்தில் 200க்கு 200. 1930இல் 160க்கு 160. பகாங்கில் மட்டும் 230க்கு 232. குழுவின் எண்களே காட்டும் அந்தக் குறைந்த பங்குகூட, பகாங் பெண்ணுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை.

58இல் ஐந்தில் நான்கு பங்கு 46.4 காசு. காசில் பத்தில் நான்கை எப்படிக் கொடுப்பது, அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்தியதில் என்ன தவறு என்று கேட்கலாம். கூலியை மாதக் கணக்கில் சேர்த்துக் கொடுத்தால் அந்தச் சிக்கலே இல்லை: 24 நாள் வேலைக்கு 9.6 காசு, அதாவது ஒன்பது முழுக் காசு. பெண்ணின் வேலை இலேசானது, எனவே கூலியும் குறைவு என்ற வாதம் இன்னும் வலுவற்றது. கொழுந்து கிள்ளுவது பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்த வேலை. தராசு கூடையின் எடையைத்தான் காட்டும், கிள்ளியவர் யார் என்று பார்க்காது. நிர்ணயக் கூலி அடிமட்டம்தானே, கூடுதலாகக் கொடுக்க யார் தடுத்தார்கள் என்பது மூன்றாவது மறுப்பு. தாளில் அது சரி. ஆனால் 1936இல் இந்திய அரசின் சார்பில் மலாயாவைப் பார்வையிட்ட சீனிவாச சாஸ்திரி, 50, 40 என்ற பழைய கூலியை மீட்டுத்தரச் சொல்ல வேண்டியிருந்தது. அடிமட்டத்தைத் தாண்டித் தோட்டங்கள் தாமாகவே கொடுத்துவந்திருந்தால், அந்தப் பரிந்துரைக்கு அவசியமே இருந்திருக்காது. என்னை அதிகம் உறுத்துவது வேறு: தொழிலாளருக்காகப் பேசிய அவரும் ஐந்தில் நான்கைத் தொடவில்லை.

2013இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதிய ஆணை, தீபகற்ப மலேசியாவுக்கு மாதம் 900 ரிங்கிட் என்று ஒரே எண்ணை வைத்தது. பெண்ணுக்கென்று தனிப் பின்னம் அதில் இல்லை.