கம்பி போய் அகழி வந்தது

எழும்பூர் மியூசியத்துக்கு அந்தக் காலத்தில் 'செத்த காலேஜ்' என்று பெயர். சென்ட்ரல் பக்கத்து மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். இரண்டும் ஓரிடத்தில் பிறந்தவைதான். மியூசியத்தைக் கவனித்து வந்த டாக்டர் பால்ஃபர் 1855-ல் அங்கேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்தார். பிறகுதான் அவை பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின.

புதுச்சேரியிலிருந்து ரயிலேறிப் போய் நான் முதலில் பார்த்த புலி அங்கே இருந்ததுதான். கனத்த இரும்புக் கம்பி, சிமெண்டுத் தரை. இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்துகொண்டே இருக்கும். ஜனங்கள் வேர்க்கடலையை எறிவார்கள், குடைக்காம்பால் கம்பியைத் தட்டுவார்கள். ஒருமுறை உறுமிவிட்டால் கொடுத்த காசுக்கு வந்த லாபம் என்று சிரித்துக்கொண்டே நகர்வார்கள்.

இந்தக் கம்பியை எடுத்துவிட்டவர் கார்ல் ஹாகென்பெக் என்ற ஜெர்மானிய மிருக வியாபாரி. (இலங்கையிலிருந்து யானைகளோடு மனிதர்களையும் கொண்டுபோய் ஐரோப்பாவில் காட்சி வைத்தவரும் இவரே. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.) சிங்கமும் புலியும் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் பாயும் என்று சோதித்துப் பார்த்தார். உயரத்தில் ஒரு கிளையில் பாடம் செய்த புறாவை வைத்து எட்டுகிறதா என்று பார்த்தாராம். அந்தக் கணக்கை வைத்து அகழி வெட்டி, 1907-ல் ஹாம்பர்க்கை ஒட்டிய ஸ்டெல்லிங்கனில் தன் தோட்டத்தைத் திறந்தார். பார்க்கிறவர் கண்ணுக்கு அகழி தெரியாது. புல்வெளிக்கு அப்பால் பாறைமேல் புலி சும்மா படுத்திருப்பது போலத்தான் தெரியும்.

பிரெஞ்சுக்காரர்கள் இதை 1931-ல் பாரிஸ் வென்சேன் காட்டில் நடந்த காலனிக் கண்காட்சியில் கண்டு சொக்கிப்போனார்கள். நம் பிரெஞ்சிந்தியாவுக்கும் அங்கே ஒரு கட்டடம் இருந்தது. ஆனால் கூட்டம் அலைமோதியது கம்பியில்லாத மிருகங்களைப் பார்க்கத்தான். அந்தத் தற்காலிக மிருகக்காட்சிசாலைக்குக் கிடைத்த வரவேற்பால் 1934-ல் நிரந்தரமாகவே ஒன்றைத் திறந்தார்கள்.

புலிக்கு இதனால் நன்மைதான், மறுக்கவில்லை. காலுக்கு மண் கிடைத்தது, நிழல் கிடைத்தது. ஆனால் பார்க்கிறவனுக்கு? கம்பி இருந்தவரை அது புலி என்று கம்பியே சொல்லிக்கொண்டிருந்தது. அகழி வாய் திறக்காது.

1996 ஜனவரி 1-ந் தேதி கல்கத்தா அலிப்பூரில் குடித்திருந்த இருவர் உள்ளே போய் சிவா என்ற புலிக்கு மாலை போடப் பார்த்தார்கள். ஒருவர் இறந்தார். அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவில் 2007 கிறிஸ்துமஸ் அன்று தத்யானா என்ற பெண்புலி சுவரைத் தாண்டி வெளியே வந்து ஒரு பையனைக் கொன்றது, இருவரைக் காயப்படுத்தியது. சுவர் 18 அடி என்று நிர்வாகம் சொல்லிக்கொண்டிருந்தது. அளந்தால் பன்னிரண்டரை அடிதான்! அலுவலகத்தில் கோப்பு பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளக்க எத்தனை நேரம் ஆகும்? அளக்காததற்குப் போலீஸ் துப்பாக்கியால் விலை கொடுத்தது தத்யானா.

2014 செப்டம்பர் 23 டெல்லியில் நடந்ததை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அகழிக்குள் விழுந்த இளைஞர் சுவரோரம் குந்தி, கைகூப்பிக்கொண்டிருக்கிறார். எதிரே விஜய் என்ற வெள்ளைப்புலி. பல நிமிடங்கள் அது ஒன்றும் செய்யவில்லை, பார்த்துக்கொண்டு நின்றது. மேலே இருந்தவர்கள் கத்தினார்கள், கல்லெறிந்தார்கள். காப்பாற்றும் எண்ணம்தான். அதன் பிறகே கழுத்தைக் கவ்வியது. இத்தனையும் செல்போனில் பதிவாகியிருக்கிறது. நான் முழுக்கப் பார்க்கவில்லை, அந்தக் கூப்பிய கையோடு நிறுத்திவிட்டேன்.

தாய்லாந்தில் அகழியும் வேண்டாம் என்றார்கள். காஞ்சனபுரி புலிக் கோயிலில் காசு கொடுத்தால் புலியைத் தொடலாம், பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுக்கலாம். 2016-ல் அரசு புகுந்து 137 புலிகளை அப்புறப்படுத்தியபோது, உறைபெட்டியில் 40 குட்டிகளின் உடல்கள் கிடந்தன. அரசின் பொறுப்புக்கு வந்தும் அவை பிழைக்கவில்லை. முன்பு பிடித்தவற்றையும் சேர்த்து 147-ல் 86 புலிகள் 2019-க்குள் செத்துவிட்டன.

என் மைத்துனர் மகள் குடும்பத்தோடு அங்கே போய்வந்தவள். புலியின் முதுகில் கைவைத்து எடுத்த படத்தைச் சட்டம் போட்டு கூடத்தில் மாட்டியிருக்கிறாள். "மாமா, நாய்க்குட்டி மாதிரி இருந்துச்சு" என்பாள். இந்த 86 கணக்கை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.